கோலாலம்பூரில் கதிர்வீச்சுப் புற்றுநோய் மருத்துவம் பயிலத் தொடங்கும் மருத்துவருக்கு

பட்டம் பெற்றபின் செய்யும் கட்டாயப் பயிற்சியான ஹவுஸ்மன்ஷிப்பை முடித்து, மருத்துவ அதிகாரியாகச் சில காலம் பணிபுரிந்து, இனிப் புற்றுநோய்ச் சிகிச்சையில் நிபுணராக வேண்டும் என்று முடிவெடுத்திருக்கும் இளைய மருத்துவர்களுக்காக இதை எழுதுகிறேன். மலேசியாவில் இத்துறையைக் கிளினிக்கல் ஆன்காலஜி என்று அழைக்கிறோம். பிரிட்டனில் உள்ளதைப் போலவே இங்கும் கதிர்வீச்சும் கீமோ போன்ற மருந்துச் சிகிச்சையும் ஒரே மருத்துவரின் பொறுப்பில் இருக்கின்றன. அமெரிக்காவில் இவை இரண்டும் தனித்தனித் துறைகள். இந்த வேறுபாடு பயிற்சியின் ஒவ்வொரு நாளையும் பாதிக்கிறது. வார்டில் காய்ச்சலோடு படுத்திருக்கும் கீமோ நோயாளிக்காகத் தொலைபேசி ஓயாமல் ஒலிக்கும். கணினித் திரையில் வரைந்து முடிக்கப்படாத கதிர்வீச்சுத் திட்டமோ யாரையும் அழைக்காமல் அமைதியாகக் காத்திருக்கும். பல பயிற்சி மருத்துவர்கள் கதிர்வீச்சில் பின்தங்குவதற்கு இதுவே முதல் காரணம் என்று கருதுகிறேன். ஆகவே இந்த வழிகாட்டியில் கதிர்வீச்சைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

நான் சொல்ல விரும்பும் முறை எளிமையானது. பயிற்சியின் ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரே ஒரு நோயாளியைத் தேர்ந்தெடுத்து, முதல் ஆலோசனை தொடங்கி, சிமுலேஷன் (சிகிச்சை நிலையில் படுக்கவைத்துச் சிடி எடுத்தல்), வரைதல் (கதிர் பட வேண்டிய எல்லையைப் படத்தில் குறித்தல்), திட்டச் சரிபார்ப்பு, எந்திர அறை, வாராந்திரப் பரிசோதனை, பிற்காலக் கண்காணிப்பு வரை ஒரு படியும் விடாமல் தொடருங்கள். வேலைப் பகிர்வு உங்களை அறை அறையாகப் பிரித்து அனுப்பும். சிமுலேஷனில் ஒருவரையும், வரையும்போது வேறொருவரையும், கிளினிக்கில் இன்னொருவரையும் பார்ப்பீர்கள். நீங்கள் வரைந்த கோட்டுக்கும் நோயாளியின் வாய்ப்புண்ணுக்கும் உள்ள உறவு இப்படிப் பிரிந்து கிடக்கும் கற்றலில் ஒருபோதும் புலப்படாது.

சேர்வதற்கு முன்

ஹவுஸ்மன்ஷிப் 2 ஆண்டுகள், மலேசிய மருத்துவ மன்றத்தில் முழுப் பதிவு, பிறகு மருத்துவ அதிகாரிப் பணி என்ற வரிசையை நீங்கள் அறிவீர்கள். அதன் பின் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மலாயாப் பல்கலைக்கழகத்தின் 4 ஆண்டு முதுநிலைப் படிப்பு. லெம்பா பந்தாயில் உள்ள அதன் மருத்துவ மையமே இந்தப் பயிற்சியின் மையம். மற்றொன்று, லண்டனில் உள்ள ராயல் காலேஜ் ஆஃப் ரேடியாலஜிஸ்ட்ஸ் நடத்தும் எஃப்ஆர்சிஆர் தேர்வுகளை எழுதும் இணை வழி. எந்த வழியில் சென்றாலும் இறுதியில் தேசிய நிபுணர் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும்.

விண்ணப்பிப்பதற்கு முன்பே ஒரு காரியம் செய்யுங்கள். விடுப்பு எடுத்தாவது சில நாள்கள் ஒரு கதிர்வீச்சுப் பிரிவின் கட்டுப்பாட்டு அறையில் அனுமதி பெற்று உட்காருங்கள். எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலிக்காக ஒரே தவணையில், அதாவது ஒரே அமர்வில், 8 கிரே (கதிர் அளவின் அலகு) பெறும் நோயாளியைப் பாருங்கள். சில வாரங்கள் கழித்து அவர் கிளினிக்குக்கு எப்படி நடந்து வருகிறார் என்பதையும் விசாரித்து அறியுங்கள். குணப்படுத்த முடியாதவரின் வலியைக் குறைப்பது உங்களுக்கு மனநிறைவு தருமா என்ற கேள்விக்கு எந்த நேர்முகத் தேர்விலும் விடை கிடைக்காது. அந்த அறையில் கிடைக்கும்.

முதலாண்டும் இயற்பியலும்

எஃப்ஆர்சிஆர் முதற்பகுதித் தேர்வு நான்கு பாடங்களைக் கொண்டது: புற்றுநோய் உயிரியலும் கதிர் உயிரியலும், மருந்தியல், மருத்துவ இயற்பியல், புள்ளியியல். எந்த வழியில் பயில்பவரும் முதலாண்டில் இந்த அடிப்படைகளோடுதான் போராடுவார். பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு இயற்பியலை மறந்துவிட்டவர்கள் அஞ்சத் தேவையில்லை. ஆனால் தேர்வுக்காக மனப்பாடம் செய்வது மிகப் பெரிய தவறு. மருத்துவ இயற்பியலாளரிடம் பணிவோடு கேட்டு, காலையில் எந்திரத்தின் அன்றாடத் தரச் சோதனை நடக்கும்போது அருகில் நில்லுங்கள். கதிர் மூலத்தை உடலுக்குள்ளேயே வைக்கும் பிரேகிதெரபியில் பயன்படும் இரிடியம்-192 மூலத்தின் அரை ஆயுள் சுமார் 74 நாள்கள் என்பதைப் புத்தகத்தில் படித்தால் மறந்துபோகும். புதிய மூலம் வந்த வாரத்தில் சில நிமிடங்களில் முடிந்த சிகிச்சை, இரண்டரை மாதம் கழித்து ஏறத்தாழ இருமடங்கு நேரம் பிடிப்பதையும், அந்த நேரம் முழுவதும் நோயாளி கருவியோடு அசையாமல் படுத்திருப்பதையும் பார்த்தால் மறக்காது.

கதிர் உயிரியலில் ஒரு கணக்கைத் தினமும் கையால் போட்டுப் பழகுங்கள். ஒரு தவணைக்குரிய அளவை ஆல்ஃபா-பீட்டா விகிதத்தால் (தவணை அளவு கூடும்போது ஒரு திசு எவ்வளவு பாதிக்கப்படும் என்று காட்டும் எண்) வகுத்து, அதனுடன் 1 கூட்டி, வரும் எண்ணால் மொத்த அளவைப் பெருக்கினால் உயிரியல் விளைவளவு கிடைக்கும். மார்பகப் புற்றுநோய்க்கு முன்பு வழக்கமாக இருந்த 25 தவணை, 50 கிரே முறையை, தாமதமாகத் தோன்றும் திசுப் பாதிப்புக்கான 3 என்ற விகிதத்தில் கணக்கிட்டால் 83.3 வரும். 15 தவணையில் 40 கிரே என்றால் 75.6. பிரிட்டனின் ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் ஆய்வு 2020இல் வெளியிட்ட முறைப்படி ஒரே வாரத்தில் 5 தவணைகளில் 26 கிரே என்றால் 71.1. ஒரு தவணையின் அளவு 5.2 கிரேவாக உயர்ந்திருந்தும் மொத்த விளைவு ஏன் கூடவில்லை என்று உங்களால் ஒரு ஹவுஸ்மனுக்கு விளக்க முடிந்தால் அந்தப் பாடம் உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று பொருள். காஜாங்கிலிருந்தோ கிள்ளானிலிருந்தோ தினமும் இரண்டு பேருந்து மாறி வரும் ஒரு பெண்மணிக்கு 25 நாள்கள் 5 நாள்களாகக் குறைவது எத்தகைய விடுதலை என்பதையும் அப்போது சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

முகமூடியும் பற்களும்

நீங்கள் முதலில் தொடர்வதற்குத் தலை-கழுத்துப் புற்றுநோய் நோயாளியையே பரிந்துரைப்பேன். உடற்கூறு கடினம்; பக்கவிளைவுகள் கண்ணெதிரே தெரியும்; தவறுகளுக்கு இடம் குறைவு. மேலும் இது நம் சமூகத்துக்கு நெருக்கமான நோய். மலேசியச் சீனர்களிடையே மூக்குத்தொண்டைப் புற்றுநோய் மிகுதி என்றால், இந்தியர்களிடையே, குறிப்பாகத் தோட்டப்புறங்களில் வாழ்ந்த மூத்த பெண்களிடையே, வாய்ப் புற்றுநோய் மிகுதி. வெற்றிலை பாக்கு மெல்லும் பழக்கமே இதன் பெருங்காரணம். புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும், பாக்கு தனியாகவும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வகைப்படுத்தியது.

சிமுலேஷனுக்கு முன் பல் மருத்துவரின் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். பிடுங்க வேண்டிய பற்களைப் பிடுங்கிய பின் ஏறத்தாழ இரண்டு வாரம் ஆறவிட வேண்டும்; கதிர்வீச்சுக்குப் பிறகு தாடையில் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகும் அபாயம் உண்டு. வெந்நீரில் இளக்கிய தெர்மோபிளாஸ்டிக் வலை, தலை அசையாமல் பிடிக்கும் முகமூடியாக நோயாளியின் முகத்தின் மீது படிந்து இறுகும் அந்தச் சில நிமிடங்களில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அருகில் நில்லுங்கள். பணியாளர்கள் "ஜாங்கான் கெராக்" என்று மலாயில் சொல்வார்கள். பழைய தோட்டத்து மக்களுக்கு அது புரியும். என்றாலும் "அசையாதீங்க பாட்டி, இன்னும் ரெண்டு நிமிஷம்தான்" என்று தாய்மொழியில் ஒரு குரல் கேட்டால் தோள்கள் தளர்வதை நானே பலமுறை கண்டிருக்கிறேன். தோள் தளர்ந்தால் கழுத்து சரியாக அமையும். எனவே இது கனிவு மட்டுமன்று, சிகிச்சையின் துல்லியமும் ஆகும்.

வரைதல்

இத்தொழிலின் நெஞ்சு இதுதான். சிடி படத்தின் ஒவ்வொரு துண்டிலும் மூன்று எல்லைகளை வரைய வேண்டும். கண்ணுக்குத் தெரியும் கட்டி ஜிடிவி. கண்ணுக்குத் தெரியாமல் நோய் பரவியிருக்கக்கூடிய பகுதியையும் சேர்த்தது சிடிவி. நோயாளியை அன்றாடம் மேசையில் படுக்கவைப்பதில் நேரும் சிறு பிசகுகளுக்காக அதைச் சுற்றி ஓரம் விட்டு விரிப்பது பிடிவி. இவற்றுடன், காக்க வேண்டிய உறுப்புகளான தண்டுவடம், மூளைத்தண்டு, உமிழ்நீர்ச் சுரப்பிகள், பார்வை நரம்புகள், குரல்வளை ஆகியவற்றையும் வரைய வேண்டும்.

புதியவர்கள் ஜிடிவியைச் சுற்றி ஒரே அளவில் ஊதிப் பெருக்கிய வட்டத்தையே சிடிவி என்று எண்ணிவிடுகிறார்கள். நோய் அப்படிப் பரவுவதில்லை. எலும்பும் காற்றும் அதைத் தடுக்கும். நரம்பும் கொழுப்புத் தளமும் அதற்குப் பாதை அமைத்துக் கொடுக்கும். என் இரண்டாம் ஆண்டில் மூக்குத்தொண்டைக் கட்டி ஒன்றுக்கு நான் வரைந்த எல்லையைப் பார்த்த மூத்த நிபுணர், ஒரு துண்டில் விரலை வைத்து, "இந்தத் துளை வழியாக எந்த நரம்பு போகிறது?" என்று மட்டும் கேட்டார். அது மண்டையோட்டின் அடித்தளத்தில் உள்ள ஃபோராமென் ஓவேல் என்ற துளை. தாடைக்குச் செல்லும் முக்கிளை நரம்பின் மூன்றாம் பிரிவு அதன் வழியாகத்தான் மண்டையோட்டிலிருந்து வெளியே வருகிறது. நான் அதற்கு இரண்டு துண்டு கீழேயே நிறுத்தியிருந்தேன். அன்று முதல், கோடு வரைவதற்கு முன் கட்டியிலிருந்து வெளியேறும் வழிகளை ஒரு தாளில் எழுதிவிட்டே சுட்டியைத் தொடுகிறேன். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.

கழுத்து நிணநீர்க் கணுக்களின் மட்டங்களுக்கு 2003இல் வெளிவந்து 2014இல் புதுப்பிக்கப்பட்ட பன்னாட்டு வழிகாட்டி இருக்கிறது. அதன் எல்லைகளை முதல் மூன்று மாதங்களுக்குள் நினைவில் ஏற்றிவிடுங்கள். பிறகு ஒரு பயிற்சி: நிபுணர் ஏற்கெனவே வரைந்து முடித்த பழைய நோயாளியின் படத்தை அனுமதியோடு எடுத்து, அவருடைய கோடுகளை மறைத்துவிட்டு நீங்களே வரையுங்கள். முடித்தபின் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வேறுபடும் ஒவ்வோரிடத்துக்கும் காரணம் எழுதுங்கள். வாரத்துக்கு ஒன்று என்று ஓராண்டு செய்தால், எந்த வகுப்பும் தர முடியாத கண் உங்களுக்கு வாய்க்கும்.

எம்ஆர்ஐ படத்தைச் சிடியுடன் இணைக்கும்போது கணினி காட்டும் பொருத்தத்தை அப்படியே நம்பாதீர்கள். ஒருமுறை நான் கண்குழியையும் கழுத்து முள்ளெலும்பையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் வரைந்துவிட்டேன். படம் சில மில்லிமீட்டர் விலகியிருந்ததை இயற்பியலாளர்தான் கண்டுபிடித்தார். சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே திருத்திவிட்டோம். ஆனால் மூளைத்தண்டுக்கு அருகில் சில மில்லிமீட்டர் என்பது சிறிய தொலைவன்று.

திட்டத்தைப் படிப்பது

திட்டம் தயாராகி வந்ததும் டோஸ்-கனஅளவு வரைபடத்தை மட்டும் பார்த்துக் கையொப்பமிடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். உறுப்பின் எவ்வளவு பகுதியில் எவ்வளவு கதிர் விழுகிறது என்று அந்த வரைபடம் சொல்லும், எங்கே என்று சொல்லாது. தண்டுவடத்தில் உச்ச அளவு 45 முதல் 50 கிரேவுக்குள், மூளைத்தண்டில் 54க்குள், உமிழ்நீர்ச் சுரப்பியான பரோட்டிடின் சராசரி 25 அல்லது 26க்குள் என்ற எண்களை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அவற்றைச் சரிபார்த்த பின், மேலிருந்து கீழாக ஒவ்வொரு துண்டையும் உருட்டிப் பாருங்கள். இலக்கின் எந்த மூலை குறைவாகப் பெறுகிறது, மிகை அளவு விழும் புள்ளி தாடையெலும்பிலா உதட்டிலா என்று கேளுங்கள். இலக்கையும் உறுப்பையும் ஒருசேரக் காக்க முடியாத இடத்தில் எதை விட்டுக்கொடுப்பது என்பது மருத்துவரின் முடிவு; அதை மென்பொருளிடமோ திட்டம் வகுப்பவரிடமோ தள்ளிவிடலாகாது. உங்கள் முடிவையும் அதன் காரணத்தையும் நோயாளியின் கோப்பில் இரண்டு வரியாவது எழுதுங்கள்.

எந்திரம் தொடங்கிய பிறகு

70 கிரேவை 35 தவணைகளில் கொடுத்தால், வாரத்துக்கு 5 நாள் வீதம் 7 வாரம் ஆகும். இந்த 7 வாரத்தில் எதுவும் இடையில் நிற்கக் கூடாது. ஏறத்தாழ நான்காம் வாரத்துக்குப் பின் எஞ்சிய கட்டிச் செல்கள் வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. தலை-கழுத்துப் புற்றுநோயில் அப்போது ஒவ்வொரு நாள் தாமதத்தையும் ஈடுகட்ட ஏறத்தாழ 0.6 கிரே தேவைப்படுகிறது என்று கதிர்வீச்சு ஆய்வாளர் விதர்ஸும் சகாக்களும் 1988இல் காட்டினர். கோலாலம்பூரில் பொது விடுமுறைகள் பல. தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் அடுத்தடுத்து வரும் ஆண்டுகளில் ஒரே நோயாளி மூன்று தவணைகளை இழக்கக்கூடும். ஆகவே சிகிச்சை தொடங்கும் நாளிலேயே நாட்காட்டியை விரித்து, விடுமுறைகளைக் குறித்து, ஈடுசெய்யும் வழியை இயற்பியலாளரோடு முன்கூட்டியே பேசுங்கள். சனிக்கிழமை எந்திரத்தை இயக்குவது ஒரு வழி. குறைந்தது 6 மணி நேர இடைவெளி விட்டு ஒரே நாளில் இரண்டு தவணை கொடுப்பது மற்றொரு வழி.

நோயாளியின் நாட்காட்டியையும் கேளுங்கள். பத்துமலைக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டிருப்பார். உங்களிடம் சொல்லத் தயங்கி அன்று வராமல் இருந்துவிடுவார். முன்பே கேட்டால், நேர்த்திக்கடனை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கும்படி குடும்பத்தாரிடம் மரியாதையோடு பேச வழியுண்டு. புரட்டாசியில் சைவம் மட்டும் உண்பவர்களின் உணவில் புரதம் குறையாமல் பார்க்க உணவியல் நிபுணரை முதல் வாரத்திலேயே அழையுங்கள். விழுங்க முடியாமல் எடை குறைந்தால் முகமூடி தளரும்; முகமூடி தளர்ந்தால் நீங்கள் பாடுபட்டு வரைந்த கோடு இடம் மாறும். வாராந்திரப் பரிசோதனையில் எடை பார்க்கும் இயந்திரம் ஸ்டெதஸ்கோப்பைவிட அதிகம் சொல்லும்.

நம் மக்களில் சிலர் இந்தச் சிகிச்சையைக் "கரண்டு வைப்பது" என்பார்கள். அந்தச் சொல்லோடு வரும் அச்சங்களையும் நீங்கள் கேட்டறிய வேண்டும். ஒரு மூதாட்டி மூன்று வாரமாகப் பேரப்பிள்ளையைத் தொடாமல் தனி அறையில் படுத்திருந்தார். எல்லாம் முடிந்து எழுந்து போகும் நேரத்தில், "பிள்ளையத் தூக்கலாமா டாக்டர், அதுக்கும் கரண்டு ஏறிடுமா?" என்று கேட்டார். வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் எந்திரம் நின்றதும் நின்றுவிடும், உடலில் எதுவும் தங்காது என்று முதல் நாளே அவருக்குத் தமிழில் யாரும் சொல்லவில்லை. ஒப்புதல் படிவத்தில் அவர் கைநாட்டு இருந்தது. "தாராளமாத் தூக்குங்க பாட்டி" என்றபோது அவர் அழுதார். அன்றிலிருந்து ஒவ்வொரு தமிழ் நோயாளியிடமும், அவர் கேட்காவிட்டாலும், இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிரேகிதெரபி, ஆய்வு, அவசரம்

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பிரேகிதெரபியைக் கையால் செய்துதான் கற்க முடியும். வாய்ப்புக் கிடைக்கும் ஒவ்வொரு முறையும் கையுறை அணிந்து மேசையருகே நில்லுங்கள். வெளிக் கதிரும் உட்கதிரும் சேர்த்து மொத்தச் சிகிச்சை 8 வாரத்துக்குள் முடிய வேண்டும் என்பதை எப்போதும் நினைவில் வையுங்கள். ஆய்வுக் கட்டுரைக்கு, உங்கள் துறையில் ஏற்கெனவே தரவு இருக்கும் ஒரு சிறிய கேள்வியைப் போதிய காலம் இருக்கும்போதே தேர்ந்தெடுங்கள். பெரிய கனவோடு தொடங்கி இறுதியாண்டில் தரவு சேகரிக்க அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரவுப் பணியில் உடனடி முடிவு தேவைப்படும் ஒன்று, பரவிய கட்டி தண்டுவடத்தை நசுக்கும் தண்டுவட அழுத்தம். புற்றுநோயாளி ஒருவருக்குப் புதிதாக முதுகுவலியும் கால் தளர்ச்சியும் என்று அழைப்பு வந்தால், வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் தொடங்கச் சொல்லி, முழு முதுகெலும்புக்கும் எம்ஆர்ஐ கேட்டு, நேரில் சென்று அவரை நடக்கச் சொல்லிப் பாருங்கள். சிகிச்சை தொடங்கும் நேரத்தில் நடப்பவரே பின்னும் நடப்பார். விடியும்வரை காத்திருப்பது பல நேரங்களில் கால்களின் விலை ஆகிவிடும்.

இரண்டு ஆண்டு கழித்து

நீங்கள் தொடர்ந்த நோயாளி சிகிச்சை முடித்துச் சென்ற பிறகும் அவரை விட்டுவிடாதீர்கள். சுழற்சி மாறினாலும் அவருடைய கண்காணிப்பு நாளைக் குறித்துவைத்துக்கொண்டு, அன்று கிளினிக்கில் அரைமணி நேரம் கேட்டு வாங்குங்கள். கழுத்தில் கதிர் பட்டவருக்குத் தைராய்டு சுரப்பு குறையலாம் என்பதால் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் (தைராய்டு இயக்கத்தைக் காட்டும் இரத்தச் சோதனை) பார்க்க வேண்டும். வாய் எத்தனை விரல் அகலம் திறக்கிறது, சோற்றோடு தண்ணீர் குடிக்காமல் விழுங்க முடிகிறதா, கழுத்துத் தோல் எங்கே மரத்து இறுகியிருக்கிறது என்று தொட்டுப் பாருங்கள். பிறகு திட்டக் கணினிக்குச் சென்று அவருடைய பழைய திட்டத்தைத் திறந்து, இறுகிய அந்த இடத்தில் எத்தனை கிரே விழுந்தது, அங்கே உங்கள் கோடு எங்கே ஓடியது என்று பாருங்கள். பெயரும் அடையாள எண்ணும் இல்லாமல் அதை உங்கள் குறிப்பேட்டில் எழுதி, அடுத்த நோயாளிக்கு வரைய உட்காரும் முன் உங்கள் மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள்.